பேச்சை நிறுக்கும் தராசு

மேடை ஏறிப் பேசுகின்றவருக்கு உண்டாகும் அச்சத்தைப் பலரும் அறிவர். மேடைக்கு எதிரே, வெள்ளைத் துணி விரித்த மேசையின் பின் அமர்ந்து, அப்பேச்சுக்கு மதிப்பெண் இடுகின்றவருக்கும் ஓர் அச்சம் உண்டு என்பதை அறிந்தவர் சிலரே. பேசுகின்றவர் பிழை செய்தால் இழப்பு அவருக்கு. நடுவர் பிழை செய்தாலோ இழப்பு மற்றொருவருக்கு. பேச்சுக் கலையைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துள்ளன. பேச்சை மதிப்பிடும் கலையைப் பற்றியும் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று.

தாய்நாட்டின் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுள் ஓரளவு படித்தவர் எவரும் நடுவர் நாற்காலியிலிருந்து தப்புவது அரிது. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா, பிள்ளைகளின் குறள் ஒப்புவித்தல், அலுவலகத்தின் இருவார மொழி விழா என்று ஏதேனும் ஒன்றில், "தாங்கள் வந்து நடுவராக இருக்கவேண்டும்" என்னும் அழைப்பு வந்தே தீரும். மாலை நேரத்தில் ஒரு கோப்பைத் தேநீர் அருந்திக்கொண்டு செய்யும் எளிய வேலை என்று எண்ணி நாமும் பல முறை இசைந்தோம். அது எளிதன்று என்பதை ஒரு போட்டி நமக்குக் கற்பித்தது.

2019-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், வடநாட்டு நகரம் ஒன்றின் நகராட்சியிலிருந்து நமக்கு அழைப்பு வந்தது. அரசியல் நிர்ணய சபை 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக ஏற்றது. அந்நாளையொட்டி அலுவலகங்களில் ஆண்டுதோறும் இருவார விழா எடுப்பது வழக்கம். அவ்விழாவில் முப்பது வயதுக்கு உட்பட்ட நகராட்சி ஊழியர்களுக்கு ஒரு பேச்சுப் போட்டி வைத்திருந்தனர். நடுவர் மூவர். ஒருவர் ஓய்வுபெற்ற இந்திப் பேராசிரியர். மற்றொருவர் குடிநீர்ப் பிரிவின் பொறியாளர். மூன்றாமவர் மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நாம். பேசுவோர் பதினால்வர். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். பொருள், 'குடிமக்களும் எமது அலுவலகமும்' என்பது.

ஊழியருக்குப் பேச்சு எதற்கு?

வரி வசூலிப்பவருக்கும், தண்ணீர்க் குழாயைப் பார்வையிடுபவருக்கும், பிறப்பு இறப்பைப் பதிபவருக்கும் பேச்சுப் பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். விடை நம் அரசியல் அமைப்பிலேயே இருக்கிறது. எழுபத்து நான்காம் திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்கள் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளை அதனோடு சேர்ந்த பன்னிரண்டாம் அட்டவணை வரிசைப்படுத்துகிறது. குடிநீர் வழங்கல், துப்புரவு, தெருவிளக்கு, இடுகாடு சுடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு முதலியவை அவற்றுள் அடங்கும். மனிதன் பிறந்த செய்தி முதல் அவன் உடல் எரியும் இடம் வரை அப்பட்டியலில் உண்டு. நாட்டின் தலைவரைக் குடிமகன் படத்தில் காண்கிறான். நகராட்சி எழுத்தரையோ நேரில் காண்கிறான். அரசாங்கம் என்பது அவனுக்கு அந்த எழுத்தரின் குரலே ஆகும்.

1882-ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு தல சுயாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டபோது, நிர்வாகம் உடனே செம்மையடையும் என்பதற்காக அதனைப் பரிந்துரைக்கவில்லை. மக்கள் ஆட்சிமுறையைப் பயிலும் கல்விக் களமாக அது அமையும் என்றே கருதினார். பின்னர் வந்த வரலாறும் அதற்குச் சான்று பகர்கிறது. இராஜாஜி 1917-இல் சேலம் நகராட்சியின் தலைவரானார். வல்லபாய் படேல் 1924-இல் அகமதாபாத் நகராட்சித் தலைவரானார். சுபாஷ் சந்திர போஸ் அதே 1924-இல், தம் இருபத்தேழாம் வயதில், கல்கத்தா மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரியாக அமர்ந்தார். குப்பையும் குழாயும் பற்றிப் பேசிப் பழகிய நாவே பின்னர் நாட்டைப் பற்றிப் பேசியது.

வள்ளுவர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். அமைச்சியலில் உள்ள பத்து அதிகாரங்களுள் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்னும் மூன்றும் பேச்சைப் பற்றியவை. ஆட்சியில் பங்குகொள்வோருக்குரிய பகுதியில் இவற்றை வைத்ததோடு, அவையை அறிதல் வேறு, அவைக்கு அஞ்சாமை வேறு என்று பிரித்தும் வைத்தார். இப்பிரிவினை நடுவராக இருப்போர்க்கு மிகவும் பயன்படும். போட்டி மேடை அவையஞ்சாமையை எளிதில் காட்டிவிடும். உரத்த குரல், நிமிர்ந்த தோற்றம், தடையற்ற ஓட்டம் ஆகியவற்றைக் கண்ணும் காதும் உடனே அறியும். அவையறிதலோ அவ்வளவு எளிதில் புலப்படாது. கேட்பவர் யார், அவருக்கு என்ன தெரியும், எந்தச் சொல்லால் சொன்னால் அவர் மனத்தில் பதியும் என்று அறிந்து பேசுவது அது. நகராட்சி ஊழியருக்கு நாள்தோறும் வேண்டுவதும் அதுவே.

அளவுகோல்

போட்டி தொடங்குமுன் நம்மிடம் ஒரு மதிப்பெண் தாள் தரப்பட்டது. மொத்தம் 100. பொருளுக்கு 40, அமைப்புக்கு 20, மொழிக்கு 15, குரலுக்கும் தோற்றத்துக்கும் 15, நேரக் கட்டுப்பாட்டுக்கு 10. இவ்வாறு கூறுபடுத்துவது நல்ல முறை. மொத்தமாக ஒரே எண்ணை இடும் நடுவர், தாம் எதற்காக இட்டோம் என்பதைப் பின்னர்த் தாமே சொல்ல இயலாது.

எனினும் கூறுபடுத்துவதனால் மட்டும் நடுநிலை வந்துவிடாது. 1920-ஆம் ஆண்டில் எட்வர்டு தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். இராணுவத்தில் மேலதிகாரிகள் தமக்குக் கீழிருந்தோரின் உடற்கட்டு, அறிவு, தலைமைத் திறன், நல்லொழுக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பிட்டிருந்தனர். அம்மதிப்பீடுகள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி ஒத்திருந்தன. உடற்கட்டு நன்றாக இருந்தால் ஒழுக்கத்துக்கும் கூடுதல் மதிப்பு விழுந்திருந்தது. ஒரு குணத்தின் ஒளி மற்றக் குணங்களின்மேலும் படிந்துவிடுகிறது என்று அவர் கண்டார். பேச்சுப் போட்டியில் இது நாள்தோறும் நிகழ்வது. குரல் இனிதாக இருந்தால் பொருளும் ஆழமாக இருப்பதுபோல் தோன்றும். சட்டை கசங்கியிருந்தால் கருத்தும் கசங்கியதுபோல் தோன்றும்.

வரிசையும் ஒரு மாயம் செய்யும். பெல்ஜியம் நாட்டில் நடைபெறும் அரசி எலிசபெத் பியானோப் போட்டியின் முடிவுகளை ஆராய்ந்து, 1996-இல் பொருளியல் அறிஞர் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அங்கே வாசிக்கும் வரிசை சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்படுவது. ஆயினும் முதலில் வாசித்தவர்கள் மேலிடங்களைப் பெறும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது என்று அவர்கள் காட்டினர். தேர்ந்த இசைவாணர்கள் நடுவராக அமரும் இடத்திலேயே இது நிகழுமாயின், நகராட்சி மண்டபத்தில் நாம் எம்மாத்திரம்? தொடக்கத்தில் வருபவருக்கு நடுவர் அஞ்சி அஞ்சி எண் இடுவார்; பின்னால் இன்னும் சிறந்தவர் வரக்கூடும் என்று இடம் விட்டுவைப்பார். இறுதியில் வருபவருக்கு அந்தக் கருமித்தனம் இல்லை.

கணக்கின் சூழ்ச்சி

மூன்றாவது இடர் கூட்டலில் இருக்கிறது. நம்முடன் அமர்ந்த பொறியாளர் எல்லாருக்கும் 65-க்கும் 75-க்கும் இடையிலேயே மதிப்பெண் இட்டார். பேராசிரியரோ 40 முதல் 90 வரை விரித்து இட்டார். இருவரும் நேர்மையாளரே. ஆனால் இவ்விரு தாள்களையும் கூட்டும்போது முடிவைச் செய்பவர் ஒருவரே ஆகிவிடுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். முதல் நடுவர் ஒருவருக்கு 71, மற்றவருக்கு 69 இடுகிறார். இரண்டாம் நடுவர் அவர்களுக்கு முறையே 72, 70 இடுகிறார். மூன்றாம் நடுவர் முன்னவருக்கு 50, பின்னவருக்கு 85 இடுகிறார். கூட்டினால் முன்னவர் பெறுவது 193. பின்னவர் பெறுவது 224. மூவரில் இருவர் முன்னவரே சிறந்தவர் என்று கருதியும் பின்னவர் வென்றுவிடுகிறார். மதிப்பெண்ணுக்கு மாறாக ஒவ்வொரு நடுவரும் தந்த இடத்தைக் கூட்டுவோமாயின், முன்னவருக்கு 1, 1, 2 எனக் கூடுதல் 4. பின்னவருக்கு 2, 2, 1 எனக் கூடுதல் 5. இம்முறையில் குறைந்த கூடுதல் பெற்றவரே மேலானவர். ஆகவே முன்னவர் வெல்கிறார். இவ்விரு முறைகளுள் எது முற்றிலும் சரி என்று வாதிக்க நாம் வரவில்லை. இரண்டு முறையிலும் கணக்கிட்டுப் பார்த்து, விடைகள் மாறுபட்டால் நடுவர்கள் கூடிப் பேசவேண்டும் என்பதே நம் கருத்து. அன்று நாம் அவ்வாறு செய்யவில்லை. கூட்டினோம், கையெழுத்திட்டோம், கொடுத்துவிட்டோம்.

மூன்றாம் எண்

போட்டியாளர்களின் பெயர்கள் நமக்குச் சொல்லப்படவில்லை. எண்கள் மட்டுமே சொல்லப்பட்டன. இது போற்றத்தக்க ஏற்பாடு. மூன்றாம் எண்ணாக ஓர் இளம்பெண் வந்தார். பிறப்பு இறப்புப் பதிவுக் கவுண்ட்டரில் பணிபுரிபவர். குரல் பெரிதன்று, கையில் குறிப்பும் இல்லை. அவர் பேசியதன் சாரம் இது:

"பிறப்பை இருபத்தொரு நாளுக்குள் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். மருத்துவமனையில் பிறந்தால் மருத்துவமனை அறிவிக்கும். வீட்டில் பிறந்தால் குடும்பத்தார் அறிவிக்கவேண்டும். வேலைக்கு வந்த புதிதில் எல்லாரிடமும் 'இருபத்தொரு நாள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். தலையசைத்துப் போவார்கள், இரண்டு மாதம் கழித்து வருவார்கள். கட்டட வேலை செய்பவர்கள் நாளை எண்ணுவதில்லை, வாரக் கூலியை எண்ணுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது, 'பிள்ளை பிறந்தபின் மூன்றாவது வாரக் கூலி வாங்குவதற்குள் வந்துவிடுங்கள்; ரசீது கையோடு கிடைக்கும்' என்கிறேன். அப்படிச் சொன்ன பிறகு பலர் காலத்தோடு வருகிறார்கள்."

அவையறிதல் என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கத்தை நாம் கேட்டதில்லை. சட்டம் மாறவில்லை, நாளும் மாறவில்லை, சொல் மட்டும் மாறியது. அதனால் ஒரு தந்தை தாமதக் கட்டணத்திலிருந்தும் அலைச்சலிலிருந்தும் தப்பினார். இதன் அருமையை உணர்ந்து பொருளுக்குரிய 40-இல் அவருக்கு 33 இட்டோம். பதினான்கு பேரில் அதனினும் மிகுதியாக எவருக்கும் இடவில்லை.

ஆனால் அவர் வாய் திறந்த முதல் நிமிடத்திலேயே நமக்கு மற்றொன்றும் தெரிந்துவிட்டது. அவர் தமிழர். எண் பெயரை மறைக்கலாம். ஒலி ஊரை மறைக்காது. இந்தியின் மூச்சொலி எழுத்துகள் அவர் நாவில் சற்று மெலிந்து வந்தன. 'ரஸீத்' என்னும் சொல்லை இரு முறை ஆண்பாலாக வழங்கினார். நம் மொழியில் ரசீது அஃறிணை, அத்தோடு முடிந்தது. இந்தியில் அது பெண்பால். 'ரஸீத் மிலேகீ' என்பதே மரபு. அவர் 'மிலேகா' என்றார். இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்புப் பணியில் இருந்தும், விரைந்து பேசும்போது நாமும் செய்யும் பிழை அது. கேட்டவுடன் நமக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. அடுத்த கணமே அச்சம் உண்டாயிற்று. நம்மவர் என்பதற்காக மிகுதியாக இட்டுவிடுவோமோ, அருகிலிருப்பவர் அவ்வாறு எண்ணிவிடுவாரோ என்று தயங்கினோம். மொழிக்குரிய 15-இல் 7 என்று எழுதினோம்.

பன்னிரண்டாம் எண்ணாக வந்தவர் துப்புரவுப் பிரிவில் பணிபுரியும் இளைஞர். 2016-ஆம் ஆண்டின் விதிகள் வீட்டுக் குப்பையை ஈரக்குப்பை, உலர்குப்பை, தீங்கு விளைக்கும் குப்பை என மூவகையாகப் பிரிக்கச் சொன்னதையும், அதனை வீடுவீடாகச் சென்று சொல்வதில் உள்ள தொல்லைகளையும் நகைச்சுவையோடு பேசினார். அவர் இந்தி பேசும் நாட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்தவர். கூட்டம் என்று பொருள்படும் 'பீட்' என்னும் சொல் பெண்பால். அதனை அவர் இரு முறை ஆண்பாலாக வழங்கினார். 'லக்தீ ஹை' என்பதற்கு 'லக்தா ஹை' என்றார். அவையினர் சிரித்து மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். மொழிக்கு 12 இட்டோம்.

பதின்மூன்றாம் எண்ணுக்குரியவர் வெண்கலக் குரலில், மேற்கோள்களும் கவிதைகளும் விரவ முழங்கினார். எந்த ஊரில், எந்த அலுவலகத்தில், எந்தப் பொருள் பற்றிய போட்டியிலும் அப்பேச்சைப் பேசலாம். முதற்பரிசு அவருக்கே கிடைத்தது. இரண்டாம் பரிசு தெருவிளக்குப் பிரிவின் ஊழியர் ஒருவருக்கு. மூன்றாம் பரிசு பன்னிரண்டாம் எண்ணுக்கு. பதிவுக் கவுண்ட்டர்ப் பெண் மூன்று மதிப்பெண் குறைந்து நான்காம் இடத்தில் நின்றார். நான்காம் இடத்துக்குப் பரிசு இல்லை.

ஒரே பிழைக்கு இரு பெயர்

விழா முடிந்து வெளியே வந்தபோது அப்பெண் நம்மை அணுகினார். நம் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறார்.

"ஐயா, நீங்கள் தமிழரா?" என்று தமிழில் கேட்டார்.

"ஆம், அம்மா. உனக்கு எந்த ஊர்?"

"பிறந்தது இங்கேதான், ஐயா. அப்பாவுக்குச் சேலம் பக்கம். கட்டட வேலைக்கு வந்தவர்." சற்றுத் தயங்கிவிட்டு, "என் பேச்சில் என்ன குறை, ஐயா? சொன்னால் திருத்திக்கொள்வேன்" என்றார்.

"பொருள் மிக நன்று. ஆண்பால் பெண்பால் வேற்றுமையைக் கவனிக்கவேண்டும், அம்மா" என்றோம்.

"சரி, ஐயா" என்று கைகூப்பினார். பிறகு, குறை சொல்லும் குரலில் அன்றி, வியப்போடு, "கவுண்ட்டருக்கு வருகிறவர்கள் ஒருவரும் இதைச் சொன்னதில்லை" என்று கூறிச் சென்றார்.

பேருந்தில் திரும்பும்போது அச்சொல் நம்மை விடவில்லை. மதிப்பெண் தாளைக் கொடுத்துவிட்டோமேனும் குறிப்பேடு நம்மிடம் இருந்தது. விரித்துப் பார்த்தோம். மூன்றாம் எண்ணுக்கு எதிரே 'பால் பிழை, 2' என்று எழுதியிருந்தோம். பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே நம் கையெழுத்திலேயே 'மண்மணம்' என்று எழுதியிருந்தோம். இருவரும் செய்தது ஒரே பிழை, எண்ணிக்கையும் ஒன்றே. ஒருவருடையது பிழையாகவும் மற்றவருடையது மணமாகவும் நமக்குத் தோன்றியிருக்கிறது. ஐந்து மதிப்பெண் வேறுபாடு அங்கே பிறந்தது. அவர் பரிசை இழந்ததோ மூன்று மதிப்பெண்ணால். ஒரே கோலால் அளந்திருந்தால் மூன்றாம் இடம் அவருடையது.

நம்மவருக்குச் சலுகை காட்டுதல் ஒருதலைச் சார்பு என்பதை எல்லாரும் அறிவர். சலுகை காட்டினோம் என்ற பழிக்கு அஞ்சி நம்மவருக்கு உரியதையும் குறைத்தல் அதே சார்பின் மறுபக்கம் என்பதை அன்றுதான் அறிந்தோம். தராசின் எத்தட்டில் விரல் வைத்தாலும் குற்றம் குற்றமே. நடுநிலையாளன் என்று பிறர் சொல்லவேண்டும் என்ற நம் ஆசைக்கு விலை கொடுத்தவர் அப்பெண். வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது தனிப்பட்ட எச்சரிக்கை. தேர்வுக் குழுவிலும், பதவி உயர்வுக் குழுவிலும், வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்திலும் நம் மொழியினர் ஒருவர் எதிரே வந்து நிற்கும்போது, உதவும் ஆசையும் ஒதுங்கும் ஆசையும் ஒன்றாகவே எழும். பின்னது பார்வைக்கு அறம்போல் இருக்கும். அதனால்தான் அது இன்னும் கொடிது.

மறுநாள் விழாக் குழுவினருக்கு நடந்ததை எழுதினோம். அறிவித்த முடிவை மாற்ற விதியில் இடமில்லை என்றும், இனி வரும் போட்டிகளுக்கு மதிப்பெண் தாளைத் திருத்திக்கொள்வதாகவும் மறுமொழி வந்தது. அது முறையான மறுமொழியே. ஒரு வாரம் கழித்து அப்பதிவுக் கவுண்ட்டருக்குச் சென்று, வரிசையில் நின்று, நம் முறை வந்தபோது, பிழை நம்முடையது என்று அப்பெண்ணிடம் சொன்னோம். அவர் சிரித்தார். "பரவாயில்லை, ஐயா. 'ரஸீத்' பெண்பால் என்பது இனி எனக்கு மறக்காது" என்றார். நமக்குப் பின்னால் ஒரு தந்தை கையில் காகிதத்தோடு காத்திருந்தார். ஆகவே விலகி வழிவிட்டோம்.

நடுவர்க்குச் சில நெறிகள்

அன்று தொட்டு எந்தப் போட்டிக்குச் சென்றாலும் சில நெறிகளைக் கைக்கொண்டு வருகின்றோம். நேயர்களுக்கும் அவை பயன்படலாம்.

முதலாவது, போட்டி தொடங்குமுன் நடுவர்கள் கால் மணி நேரம் கூடிப் பேசவேண்டும். மொழிக்கு 15 என்றால், 12 என்பது எத்தகைய பேச்சு, 7 என்பது எத்தகைய பேச்சு என்று ஒத்த கருத்துக்கு வரவேண்டும். யாருக்கான போட்டி என்பதையும் மறவாமல் இருக்கவேண்டும். ஊழியர்களுக்கான போட்டியில் கேட்பவருக்குப் புரிந்ததா என்பதே மொழியின் முதல் அளவை. இலக்கணச் செம்மை அதற்கு அடுத்தது.

இரண்டாவது, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அதற்குரிய சான்றை எழுதவேண்டும். 'நன்று', 'சுமார்' என்பன சான்றுகள் ஆகா. பேசியவர் கூறிய ஒரு சொல்லோ ஒரு தொடரோ எழுதப்படவேண்டும். நம் பிழையை நமக்குக் காட்டியது நம் குறிப்பேடே அன்றோ?

மூன்றாவது, முதல் சிலருக்குரிய மதிப்பெண்ணைப் பென்சிலால் எழுதிவைத்து, எல்லாரும் பேசி முடித்தபின் மீண்டும் பார்த்து உறுதி செய்யவேண்டும். முதலில் பேச நேர்ந்தது அவர்கள் குற்றமன்று.

நான்காவது, கூட்டுத்தொகையாலும் இடவரிசையாலும் முடிவைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒத்தால் நன்று. ஒவ்வாவிடில், அறிவிக்குமுன் மறு ஆய்வு தேவை.

ஐந்தாவது, போட்டியாளருள் உறவினரோ, மாணவரோ, தம் ஊரினரோ, தம் மொழியினரோ இருப்பதாக உணர்ந்தால் உடன் நடுவர்களிடம் அதனை வெளிப்படையாகச் சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் மனத்துக்குள்ளேயே ஈடு செய்ய முயல்வது ஆபத்து. அவ்வீடு எப்போதும் அளவு தப்பும். சொல்லிவிட்டால் மற்றவர்கள் நம் எண்ணைச் சரிபார்ப்பார்கள்.

ஆறாவது, பரிசு பெறாதவருக்கு அவர் பேச்சிலிருந்து ஒரு நிறைவும் ஒரு குறையும் குறிப்பாகச் சொல்லி அனுப்பவேண்டும். பதினால்வர் பேசினால் பதினொருவர் வெறுங்கையோடு திரும்புவர். போட்டியின் பயன் அப்பதினொருவரிடத்தில்தான் தங்கவேண்டும்.

இனி, மேடையேறும் இளைஞர்களுக்கு ஒரு சொல். நாள்தோறும் உங்கள் முன் வந்து நிற்கும் மனிதரை நினைத்துப் பேசுங்கள். அவர் கேட்ட கேள்வி, உங்களுக்குப் புரியாத அவர் தயக்கம், நீங்கள் மாற்றிச் சொன்ன சொல் ஆகிய மூன்றும் இருந்தால் ஐந்து நிமிடத்துக்குப் போதும். மேற்கோள்களை நூலகத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம்; உங்கள் கவுண்ட்டரில் நிகழ்ந்ததை உங்களால் மட்டுமே சொல்லமுடியும்.

அப்பெண் பேசிய பொருளைப் பற்றியும் நேயர்களுக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் பிறப்பைப் பதிவு செய்வது தட்டிப்போவது உண்டு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த 2023 அக்டோபர் முதல் நாளன்றோ அதன் பின்னரோ பிறந்த குழந்தைக்கு, பள்ளியிற் சேரவும், வாக்காளர் பட்டியலில் இடம்பெறவும், ஓட்டுநர் உரிமம் பெறவும், பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்றாகும். பதிவு செய்யவேண்டியது சொந்த ஊரில் அன்று. குழந்தை பிறந்த இடத்தில். இருபத்தொரு நாள் கடந்தால் தாமதக் கட்டணம் உண்டு. ஓராண்டு கடந்தால் நடுவர் அதிகாரம் பெற்ற அலுவலரின் ஆணை வேண்டும். ஆகவே குழந்தை பிறந்தபின் மூன்றாவது வாரக் கூலி வாங்குவதற்குள் சென்றுவிடுக.